‘ஓடுது சார்!’ – சி மொழியில் தரநிலை எது, நடை எது?

கல்லூரி லேபில் நான் எழுதிய முதல் சி நிரல் ரெக்கார்டு நோட்டில் இன்னும் பத்திரமாக இருக்கிறது, சிவப்பு மையோடு. ‘வாய்ட் மெயின்’ என்று தொடங்கும். அடுத்த வரியில் திரையைத் துடைக்கும் ‘கிளியர்ஸ்க்ரீன்’. நடுவில் பெயரை வாங்க ‘கெட்ஸ்’. விடை தெரிவதற்குள் திரை மறைந்துவிடக் கூடாதே என்று கடைசியில் ஒரு ‘கெட்ச்’. இவ்வளவிலும் மேடம் சிவப்பு மையில் சுழித்தது நெளி அடைப்புக்குறியைத்தான். திறக்கும் குறியும் மூடும் குறியும் ஒரே நேர்கோட்டில் இல்லையாம். ஒரு மதிப்பெண் போனது.

முதல் வேலையில் சேர்ந்தபோது என் நிரலைப் பார்த்த சீனியர் ஒரே மூச்சில் சொன்னார்: “வாய்ட் மெயின்லாம் போடாதப்பா. பிராக்கெட்ட கீழ போடாத, அதே வரியில போடு. கோட்டூ பக்கமே போகாத. இதெல்லாம் நல்ல சி இல்ல.” (கோட்டூ என்பது நிரலின் வேறோர் இடத்துக்கு நேரே தாவச் சொல்லும் கட்டளை.) மூன்று புகார்களையும் ஒரே பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டேன். முதலாவது மொழியின் சட்டம் பற்றியது, இரண்டாவது அந்த அலுவலகத்தின் பழக்கம், மூன்றாவது ஆளுக்கு ஆள் மாறும் கருத்து என்று பிரித்துப் பார்க்கச் சில வருடங்கள் ஆயின.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் ஒரு சொல். ‘சி ஸ்டாண்டர்ட்’ என்பது மொழியின் உலகளாவிய ஆவணம். ‘கோடிங் ஸ்டாண்டர்ட்’ என்பது ஒரு கம்பெனி தன் ஆட்களுக்காக எழுதிக்கொண்ட விதிகள். இரண்டுக்கும் ‘ஸ்டாண்டர்ட்’ என்று பெயர் வைத்ததால், ஒன்றைப் பற்றி நடக்கும் சண்டையில் மற்றதன் ஆயுதத்தை எடுத்து வீசுகிறார்கள். இந்தக் கட்டுரையில் முதலாவதைத் ‘தரநிலை’ என்றும் இரண்டாவதை ‘நடை’ என்றும் சொல்கிறேன். நிரல் துண்டுகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கணினியில் தட்டும்போது வழக்கம்போல் ஆங்கில எழுத்துதான்.

ஒரு வாடகை வீடு

வாடகைக்கு வீடு எடுக்கிறோம். பதினோரு மாத ஒப்பந்தம், முத்திரைத்தாளில். வாடகை எவ்வளவு, கரண்ட் பில் யார் கட்டுவது, காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் எல்லாம் அதில் இருக்கிறது. மொட்டை மாடியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் மாடியில் வடாம் காயப்போடுகிறோம். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லை. மூன்று வருடம் இப்படியே ஓடுகிறது. பிறகு அவர் மகன் பொறுப்புக்கு வருகிறார். மாடிக் கதவில் பூட்டு தொங்குகிறது. “இத்தனை நாள் விட்டீங்களே” என்று கேட்கலாம். ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

சி மொழியின் தரநிலை அப்படி ஒரு ஒப்பந்தம். ஒரு பக்கம் நிரல் எழுதுகிறவர். மறுபக்கம் கம்பைலர், அதாவது நாம் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள். ‘நீ இந்த விதிகளுக்குள் எழுது, உன் நிரல் இன்னபடி நடக்கும் என்று நான் உறுதி தருகிறேன்’ என்பதுதான் அதன் சாரம். ‘ஓடுதே’ என்பது வடாம் காயப்போட்ட கதை. இன்றைய வீட்டுக்காரர் கண்டுகொள்ளவில்லை என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிப்பதில்லை.

நடை என்பது வீட்டுக்குள் சாமான்களை எங்கே வைக்கிறோம் என்பது. அஞ்சறைப்பெட்டியில் கடுகு எந்தக் கிண்ணத்தில் இருக்க வேண்டும் என்று எந்த ஒப்பந்தமும் சொல்லாது. வீட்டுக்காரருக்கு அதில் அக்கறையும் கிடையாது. ஆனால் கரண்ட் போன நேரத்தில் தாளிக்க நிற்பவருக்கு அது முக்கியம். தினம் ஒருவர் கிண்ணத்தை மாற்றி வைத்தால் ஒருநாள் கடுகுக்குப் பதில் வெந்தயம் விழும்.

ஆக ஒரு நிரலைப் பார்த்து மூன்று கேள்விகள் கேட்கலாம். ஓடுகிறதா? ஒப்பந்தப்படி இருக்கிறதா? அடுத்தவர் தப்பாமல் படிக்க முடிகிறதா? ஒன்றுக்கு ஆம் என்பதால் மற்ற இரண்டுக்கும் ஆம் ஆகிவிடாது.

ஒப்பந்தம் எப்போது எழுதப்பட்டது?

சி மொழியை அமெரிக்காவின் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கினார். 1978இல் பிரையன் கெர்னிகனும் அவரும் எழுதிய புத்தகம்தான் வெகுநாள் வாய்மொழி ஒப்பந்தம்போல இருந்தது. புத்தகம் சொல்லாத இடங்களில் ஒவ்வொரு கம்பைலரும் தன்னிஷ்டப்படி நடந்தது. 1983இல் அமெரிக்கத் தர நிறுவனமான ஆன்சி ஒரு குழு அமைத்தது. 1989இல் முதல் தரநிலை வந்தது. 1990இல் அதையே பன்னாட்டு அமைப்பான ஐஎஸ்ஓ ஏற்றது. அதன்பின் 1999, 2011, 2018 என்று பதிப்புகள் வந்து, இப்போது நடப்பில் இருப்பது 2024இல் வெளியான, எல்லாரும் ‘சி23’ என்று அழைக்கும் பதிப்பு.

டர்போ சி என்ற கம்பைலர் முதலில் வந்த வருடம் 1987. ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே குடிவந்துவிட்டது. நம் கல்லூரிகளில் நீலத் திரையோடு வருடக்கணக்கில் ஆட்சி செய்த டர்போ சி++ 3.0 தொண்ணூறுகளின் தொடக்கத்துச் சரக்கு. ‘கோனியோ.ஹெச்’, கிளியர்ஸ்க்ரீன், கெட்ச் எல்லாம் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்து கம்பைலர்கள் கூடவே கொடுத்த வசதிகள். சி தரநிலையின் எந்தப் பதிப்பிலும் அவை இருந்ததில்லை. அவற்றைச் சி மொழியின் உறுப்புகள் என்று நினைத்துக்கொண்டே பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். நானும் அதில் ஒருவன். லினக்ஸ் என்ற இயங்குதளம் உள்ள கணினியில் முதல்முறை கம்பைல் செய்தபோது ‘கோனியோ.ஹெச் என்று ஒன்று இல்லை’ என்று வந்ததும், கணினியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

வாய்ட் மெயினுக்கு வருவோம். ‘மெயின்’ என்பது நிரல் தொடங்கும் இடம். அது முடியும்போது இயங்குதளத்திடம் ஓர் எண்ணைத் திருப்பித் தர வேண்டும். பூஜ்யம் என்றால் வேலை நல்லபடி முடிந்தது. ‘இன்ட் மெயின்’ என்றால் எண் தருவேன் என்று பொருள், ‘வாய்ட்’ என்றால் எதுவும் தரமாட்டேன் என்று பொருள். தரநிலை இன்ட் மெயினுக்கு இரண்டு வடிவங்கள் கொடுத்துவிட்டு, ‘அல்லது கம்பைலர் தன் கையேட்டில் ஒப்புக்கொள்ளும் வேறு வடிவம்’ என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. ஆக, வாய்ட் மெயின் சில வீடுகளில் செல்லும். எல்லா வீட்டிலும் செல்லும் என்ற உறுதி கிடையாது. ‘இந்த நிரல் சரியாக முடிந்தால் அடுத்ததை ஓட்டு’ என்று லினக்ஸில் எழுதும்போது, வாய்ட் மெயின் நிரல் எந்தக் குப்பை எண்ணையும் விட்டுச் செல்லலாம். அதேசமயம், இயங்குதளமே இல்லாத சின்ன மைக்ரோகண்ட்ரோலரில் நிரல் எப்படித் தொடங்க வேண்டும் என்பதைக் கம்பைலரே முடிவு செய்கிறது. அங்கே வாய்ட் மெயினைப் பார்த்து முகம் சுளிப்பவர்தான் தவறு செய்கிறார்.

ஒப்பந்தம் விட்டு வைத்த இடங்கள்

தரநிலை எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டுவதில்லை. மூன்று விதமாக இடம் விடுகிறது. சி பற்றிய சண்டைகளில் முக்கால்வாசி இந்த மூன்றையும் பிரிக்காததால் வருபவை.

முதல் வகை: கம்பைலர் முடிவு செய்யலாம், ஆனால் எழுதி வைக்க வேண்டும். இரவு எத்தனை மணிக்கு கேட் பூட்டுவது என்பது வீட்டுக்காரர் விருப்பம். நேரத்தைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும் என்பதுபோல. இன்ட் என்ற முழு எண் வகை எவ்வளவு பெரியது என்பது இந்த ரகம். குறைந்தது 32767 வரை தாங்க வேண்டும் என்று மட்டும் தரநிலை சொல்கிறது. டர்போ சியில் அது சரியாக அதே 32767. அதனால்தான், ஒன்று முதல் கொடுத்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்கும் ஃபேக்டோரியல் நிரலில் 7 கொடுத்தால் 5040 என்று ஒழுங்காக வரும், 8 கொடுத்தால் 40320க்குப் பதில் -25216 என்று வரும். பெருக்கல் நிரலில் மைனஸ் எப்படி முளைத்தது என்று லேபில் அரை மணி நேரம் தேடியிருக்கிறோம். “சின்ன நம்பரா குடுத்துக் காட்டுங்கடா” என்பதுதான் அன்று கிடைத்த விளக்கம். இன்றைய கணினிகளில் இன்ட் சுமார் 214 கோடி வரை தாங்கும். அதே நிரல் 12 வரை சரியாகப் போகும், 13இல் தடுக்கி விழும்.

இரண்டாம் வகை: சில வழிகளில் ஏதோ ஒன்று நடக்கும், எது என்று சொல்ல வேண்டியதில்லை. ‘தண்ணீர் மோட்டார் காலையிலோ மாலையிலோ போடப்படும்’ என்பதுபோல. ஒரு ஃபங்ஷனுக்கு, அதாவது பெயர் சொல்லி அழைக்கும் நிரல் பகுதிக்கு, இரண்டு மதிப்புகளை அனுப்பும்போது எதை முதலில் கணக்கிடுவது என்பது இப்படி. வலமிருந்து இடம் என்று சில பாடப்புத்தகங்கள் அடித்துச் சொல்லும். அந்தக் கம்பைலர் அன்று அப்படிச் செய்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் வகைதான் வில்லன். வரையறுத்தல் இல்லாத நடத்தை என்று நீட்டாமல் ‘வரையறையற்ற நடத்தை’ என்றே வைத்துக்கொள்வோம். செய்யாதே என்று ஒப்பந்தம் சொன்னதைச் செய்தாலோ, ஒப்பந்தம் வாயே திறக்காத ஒன்றைச் செய்தாலோ, அதன் பிறகு நிரல் எப்படி நடக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கேம்பஸ் இண்டர்வியூவில் தவறாமல் வரும் ‘ஐ = ஐ++ + ++ஐ, விடை என்ன?’ என்ற கேள்வி இந்த வகை. ஒரே கூற்றுக்குள் ஒரு வேரியபிளை, அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் பெயரிட்ட இடத்தை, ஒழுங்குமுறை இல்லாமல் பலமுறை மாற்றுவதை தரநிலை ஏற்பதில்லை. எனக்கு வந்த தாளில் நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். ‘இப்படிக் கேட்கக் கூடாது’ என்று ஐந்தாவது கட்டம் இல்லை. ஏதோ ஒன்றை டிக் செய்துவிட்டு வந்தேன். அது சரி என்று எடுத்துக்கொண்டார்களோ என்னவோ, வேலை கிடைத்தது.

சுருக்கிச் சொன்னால்: எழுதி ஒட்டப்பட்ட விருப்பம், எழுதி ஒட்டப்படாத விருப்பம், எந்த உறுதியும் இல்லாத வெளி. முதல் இரண்டோடு வாழலாம். மூன்றாவதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

படிக்கட்டை இடித்த கதை

வரையறையற்ற நடத்தை என்றால் ‘ஏதாவது தப்பான எண் வரும்’ என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட மோசம். நிரலர் ஒப்பந்தத்தை மீறவே மாட்டார் என்று கம்பைலர் நம்புகிறது. அந்த நம்பிக்கையில் நிரலை வேகமாக்க வேலை செய்கிறது. மாடிக்கு யாரும் போக மாட்டார்கள் என்பது ஒப்பந்தம் என்றால், வீட்டுக்காரர் படிக்கட்டையே இடித்துவிட்டு அந்த இடத்தில் ஸ்டோர் ரூம் கட்டிக்கொள்ளலாம். நாம் அப்போது மாடியில் நின்றுகொண்டிருந்தால் அது நம் பாடு.

2009இல் லினக்ஸ் கெர்னலில், அதாவது அந்த இயங்குதளத்தின் மையப் பகுதியில், இது அப்படியே நடந்தது. ‘டன்’ என்ற நெட்வொர்க் டிரைவரில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருந்தன. முதல் வரி: டன் என்ற பாயிண்டர் காட்டும் இடத்திலிருந்து ஒரு மதிப்பை எடு. பாயிண்டர் என்பது நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரி. இரண்டாவது வரி: டன் ‘நல்’ ஆக, அதாவது எந்த இடத்தையும் சுட்டாத வெற்று முகவரியாக இருந்தால், பிழை என்று சொல்லித் திரும்பு.

வரிசை தப்பு என்பது தெரிகிறது. கதவு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே உள்ளே நுழைந்தாயிற்று. ஆனாலும் அடுத்த வரியிலாவது சோதனை இருக்கிறதே என்று நமக்குத் தோன்றும். கம்பைலர் வேறு மாதிரி யோசித்தது. நல் பாயிண்டரின் இடத்திலிருந்து எடுப்பது வரையறையற்ற நடத்தை. நிரலர் அதைச் செய்ய மாட்டார். முதல் வரியில் எடுத்திருக்கிறார் என்றால் அது நல்லாக இருக்கவே முடியாது. அப்படியானால் இரண்டாவது வரிச் சோதனை வீண். நீக்கிவிடலாம். நீக்கியது. மூல நிரலைப் படிப்பவர் கண்ணுக்குச் சோதனை இருந்தது. ஓடிய கெர்னலில் இல்லை. அந்த இடைவெளியில் புகுந்து கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்று செய்து காட்டினார்கள். அதன்பின், இந்த வகைச் சோதனைகளை நீக்காதே என்று கம்பைலருக்குத் தனிக் கட்டளை கொடுத்தே கெர்னலை உருவாக்குகிறார்கள்.

இந்த வரிகளை எழுதியவரின் நடையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உள்தள்ளல் (வரிகளை உள்ளே தள்ளி எழுதுவது), அடைப்புக்குறி, பெயர்கள் எல்லாம் நேர்த்தி.

எங்கள் போர்டில் நிற்காதது

இதுபோன்ற ஒன்று எனக்கும் நேர்ந்தது, சின்ன அளவில். ஒரு கோப்பை எழுத்து எழுத்தாகப் படிக்கும் நிரல். ‘கெட்சார்’ என்ற ஃபங்ஷன் ஒவ்வொரு எழுத்தாகத் தரும். கோப்பு முடிந்தால் ‘இஓஎஃப்’ என்ற அடையாளத்தைத் தரும். நாங்கள் பயன்படுத்திய கணினிகளில் அதன் மதிப்பு -1. நாங்கள் அதை ‘சார்’ வகை வேரியபிளில் வாங்கி வைத்தோம். எழுத்துக்குச் சார் வகை, வேறென்ன? மேஜைக் கணினியில் இரண்டு வருடம் ஓடியது.

பிறகு ஆர்ம் சிப் உள்ள ஒரு லினக்ஸ் போர்டுக்கு மாற்றினோம். நிரல் கோப்பின் முடிவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. இரண்டு நாள் தேடல். காரணம் இது: சார் என்ற வகை எதிர்ம எண்ணைத் தாங்குமா தாங்காதா என்பதைத் தரநிலை கம்பைலரிடம் விட்டிருக்கிறது. மேஜைக் கணினியில் தாங்கும், -128 முதல் 127 வரை. அந்தப் போர்டில் தாங்காது, 0 முதல் 255 வரை. அங்கே -1ஐ உள்ளே போட்டால் 255 ஆகிவிடும். 255 எப்போதும் -1க்குச் சமமாகாது. ஆகவே முடிவு வரவே வராது. மேஜைக் கணினியிலும் அது முழுதாகச் சரியில்லை. கோப்பில் 255 என்ற பைட் நடுவில் வந்தால் அங்கேயே முடிவு என்று நின்றிருக்கும். கெட்சார் திருப்பித் தருவது இன்ட். அதை இன்ட் வகையில் வாங்கியிருந்தால் எல்லா வீட்டிலும் ஓடியிருக்கும்.

எரிச்சல் என்னவென்றால், அந்த நிரலுக்கு ரிவ்யூ, அதாவது சக நிரலர்கள் படித்துக் குறை சொல்லும் சடங்கு, நடந்திருந்தது. அதில் வந்த கருத்துகளைப் பின்னால் எடுத்துப் பார்த்தேன். இடைவெளி, அடைப்புக்குறி, வேரியபிள் பெயர் நீளம். சார் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதே சார் இன்னொரு குழியும் வைத்திருக்கிறது. எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ‘அ’ என்பது 224, 174, 133. எதிர்ம எண் தாங்கும் சார் வகையில் இவை -32, -82, -123 என்று ஆகிவிடும். இப்போது ‘இது எழுத்தா?’ என்று கேட்கும் ‘இஸ்ஆல்ஃபா’ ஃபங்ஷனிடம் அந்த -32ஐ அப்படியே கொடுத்தால், தரநிலைப்படி அது வரையறையற்ற நடத்தை. 0 முதல் 255 வரையுள்ள எண்ணோ இஓஎஃபோ மட்டும்தான் அதற்குக் கொடுக்கலாம். லினக்ஸில் வழக்கமாக உள்ள ஜிலிப்சி நூலகம் இப்படித் தவறிக் கொடுப்பவர்களுக்கும் சேர்த்தே அட்டவணை வைத்திருப்பதால் ஒன்றும் ஆகாது. மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் டீபக் பதிப்பில் எச்சரிக்கைப் பெட்டி எழும்பி நிரல் நிற்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு எந்த வீட்டிலும் பிரச்சினை தெரியாது, ஏனென்றால் ஆங்கில எழுத்துகள் எல்லாம் 127க்குள் அடங்கிவிடும். முதலில் ‘அன்சைன்ட் சார்’ ஆக மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது.

‘கம்பைலர் ஒண்ணும் சொல்லலையே’

சொல்லாது. எழுத்திலக்கணப் பிழைகளையும் குறிப்பிட்ட சில விதிமீறல்களையும் சுட்டிக்காட்டத்தான் கம்பைலருக்குக் கட்டாயம். வரையறையற்ற நடத்தையைப் பற்றி அது மௌனமாக இருக்கலாம். தவிரவும், லினக்ஸில் புழங்கும் ஜிசிசி கம்பைலர் கேட்காமல் விட்டால் தூய தரநிலையைப் பின்பற்றாது. தன் சொந்தச் சேர்க்கைகள் கலந்த வட்டார வழக்கைத்தான் பேசும். தரநிலைப்படி கண்டிப்பாகப் பார் என்று சொல்ல ‘பெடாண்டிக்’ என்றும், சந்தேகம் தோன்றுவதையெல்லாம் சொல் என்பதற்கு ‘டபிள்யூ-ஆல்’, ‘டபிள்யூ-எக்ஸ்ட்ரா’ என்றும் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. ‘ஆல்’ என்ற பெயரை நம்பாதீர்கள், அது எல்லாவற்றையும் சொல்வதில்லை.

அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதை 1999 தரநிலையே விலக்கிவிட்டது. ஜிசிசி அதைத் தானாகவே பிழை என்று நிறுத்தத் தொடங்கியது 2024இல் வந்த 14ஆம் பதிப்பில்தான். இருபத்தைந்து வருடம் வீட்டுக்காரர் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கிறார்.

நடை: கம்பைலர் கண்ணுக்குத் தெரியாதது

இப்போது அஞ்சறைப்பெட்டி. லினக்ஸ் கெர்னலில் ஒவ்வொரு உள்தள்ளலும் 8 இடம். குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் 2 இடம், அடைப்புக்குறி தனி வரியில். இரண்டும் பல்லாண்டு ஓடும் பெரிய நிரல்கள். கம்பைலருக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸின் நடை ஆவணம், குனுவின் நடை ஆவணத்தை அச்சடித்துப் படிக்காமலே கொளுத்தச் சொல்லித்தான் தொடங்குகிறது. கிண்டல்தான் என்றாலும் இதில் மனிதர்களுக்கு எவ்வளவு சூடு ஏறும் என்பதற்கு அது போதும்.

அப்படியானால் நடை வெறும் ரசனையா? 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. ஐபோன் ஒரு தளத்தோடு பாதுகாப்பாகப் பேசும்போது, எதிரே இருப்பது உண்மையான தளம்தானா என்று கையொப்பத்தைச் சரிபார்க்கும் நிரல் அது. அதில் இப்படி ஓர் இடம்:

இஃப் (சோதனை தோற்றால்)
    கோட்டூ ஃபெயில்;
    கோட்டூ ஃபெயில்;

நெளி அடைப்புக்குறி இல்லாத ‘இஃப்’ தன்னை அடுத்துள்ள ஒரே ஒரு கூற்றைத்தான் கட்டுப்படுத்தும். இரண்டாவது ‘கோட்டூ ஃபெயில்’ அதன் பிடியில் இல்லை. சோதனை வென்றாலும் அது நடக்கும். ஆனால் உள்ளே தள்ளி எழுதியிருப்பதால் கண்ணுக்கு அதுவும் இஃப்பைச் சேர்ந்ததுபோலத் தெரிகிறது. சோதனை வென்றபோதும் நிரல் ‘ஃபெயில்’ என்ற இடத்துக்குத் தாவியது, இறுதிக் கையொப்பச் சோதனையைத் தாண்டிக்கொண்டு. அந்த நொடியில் பிழை எண் பூஜ்யம். பூஜ்யம் என்றால் எல்லாம் நலம். ‘ஃபெயில்’ என்று பெயர் வைத்த வாசல் வழியாக வெற்றி வெளியே வந்தது.

தரநிலைப்படி அந்த நிரலில் ஒரு குற்றமும் இல்லை. ஒரே கூற்றாக இருந்தாலும் அடைப்புக்குறி போடு என்று ஒரு நடை விதி இருந்து, அதை மதித்திருந்தால், தப்பித் தவறி இரட்டித்த வரி அடைப்புக்குள்ளேயே தீங்கில்லாமல் கிடந்திருக்கும். 2016இல் ஜிசிசி 6 வந்தபோது, உள்தள்ளல் ஏமாற்றினால் எச்சரிக்கும் வசதியும் அதில் வந்தது. ஆக, கம்பைலரும் கொஞ்சம் கண் திறந்திருக்கிறது.

தரநிலையை மதித்துக்கொண்டே படிக்கவே முடியாதபடி எழுதுவதற்கு 1984 முதல் ஒரு சர்வதேசப் போட்டியே நடக்கிறது. விமானம் போன்ற வடிவத்தில் நிரலை அடுக்கி, அதை ஓட்டினால் விமானம் பறக்கும் விளையாட்டாக ஓடும்படி எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறார்கள். அழகுதான். அதை நம் டீமில் பராமரிக்கச் சொன்னால் நான் லீவ் போட்டுவிடுவேன்.

இதுவரை பார்த்ததில் டன் டிரைவர் நடையில் நன்று, ஒப்பந்தத்தில் மீறல். ஆப்பிள் நிரல் ஒப்பந்தத்தில் நன்று, நடையில் சறுக்கல். ‘கெட்ஸ்’ இன்னொரு விசித்திரம். எவ்வளவு எழுத்து வாங்க வேண்டும் என்று கேட்காமலே வாங்கிக்கொண்டு போகும் ஃபங்ஷன் அது. அரைப்படிப் பாத்திரத்தில் குடம் குடமாக ஊற்றும். 1988 நவம்பரில் இணையத்தின் முதல் பெரிய புழுவான மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று இதுதான். அப்படியிருந்தும் அடுத்த வருடம் வந்த தரநிலையில் கெட்ஸ் இருந்தது, 2011இல்தான் எடுத்தார்கள். அத்தனை வருடமும் அது ஒப்பந்தப்படி செல்லும் பொருள். ஆபத்தில்லாத பொருள் என்று ஒப்பந்தம் சொல்லவில்லை.

வரப்பில் நிற்பவை

சில சண்டைகள் இரண்டு வயலுக்கும் நடுவே நிற்கும். ‘இன்ட்* பி, க்யூ’ என்று நட்சத்திரத்தை இன்ட்டோடு ஒட்டி எழுதினால் பி, க்யூ இரண்டும் பாயிண்டர் என்று தோன்றும். மொழியின் விதிப்படி பி மட்டும்தான் பாயிண்டர், க்யூ சாதாரண எண். இடைவெளி எங்கே என்பது நடை; ஆனால் அது ஒரு விதியை மறைக்கிறது. நான் நட்சத்திரத்தைப் பெயரோடு ஒட்டி எழுதுகிறேன், ஒரு வரியில் ஒன்றுதான் அறிவிக்கிறேன்.

பல நிரல்கள் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளும் ஹெட்டர் கோப்புகளில் அடிக்கோட்டில் தொடங்கி அடுத்துப் பெரிய எழுத்து வரும் பெயர்களை வைப்பது பலரின் பழக்கம். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். அந்த வகைப் பெயர்களைத் தரநிலை கம்பைலருக்கும் நூலகத்துக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறது. ரசனை என்று நினைத்துச் செய்வது இங்கே அத்துமீறல்.

கோட்டூ? மொழியில் அது முழுக்கச் செல்லும். லினக்ஸ் கெர்னலில் பிழை வந்தால் வாங்கிய வளங்களைத் திருப்பிக் கொடுக்கும் ஒரே இடத்துக்குத் தாவ அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். கார்த் துறைக்காக 1998இல் எழுதப்பட்ட மிஸ்ரா விதிகள் அதைத் தடை செய்தன. 2012 பதிப்பில் அது கட்டாயத் தடையாக இல்லாமல் அறிவுரையானது, தாவினாலும் முன்னோக்கித்தான் தாவ வேண்டும் என்ற நிபந்தனையோடு. என் சீனியர் சொன்ன ‘பக்கமே போகாத’ ஒரு நல்ல அறிவுரையாக இருக்கலாம். மொழியின் சட்டம் அல்ல.

தரநிலையை விட்டு வெளியே போவதும் பாவம் இல்லை. லினக்ஸ் கெர்னல் வெளிப்படையாகவே ஜிசிசியின் வழக்கில் எழுதப்படுகிறது. 1989 சியை அடிப்படையாக வைத்திருந்ததை 2011க்கு மாற்றியதே 2022இல்தான். அவர்கள் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கள் சார் கதையில் எங்களுக்குத் தெரியவில்லை.

இப்போது ரிவ்யூவில் யாராவது ‘இது தப்பு’ என்றால் நான் முதலில் கேட்பது, “எந்த விதிப்படி தப்புங்க?” என்பதுதான். தரநிலை என்றால் பத்தி எண் இருக்கும். வாக்குவாதம் ஐந்து நிமிடத்தில் முடியும். நடை என்றால் டீமின் ஆவணம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அதில் இல்லையென்றால் ஒருமுறை பேசி முடிவெடுத்து, ‘கிளாங்-ஃபார்மட்’ போன்ற கருவியிடம் ஒப்படைத்துவிடுவோம். அடைப்புக்குறியை அது தானே நகர்த்திக்கொள்ளும். இரண்டிலும் இல்லை, ஆனால் மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால், அதையும் அப்படியே சொல்லலாம். சட்டம்போலச் சொல்லாமல் இருந்தால் சரி.

போன பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது அந்தப் பழைய ரெக்கார்டு நோட்டு கிடைத்தது. முதல் நிரலை அப்படியே லேப்டாப்பில் தட்டி, 2011 தரநிலையைச் சொல்லி, பெடாண்டிக்கும் டபிள்யூ-ஆலும் கொடுத்து ஜிசிசியிடம் விட்டேன். கோனியோ.ஹெச் இல்லை என்று அங்கேயே நின்றது. அந்த வரியையும், கிளியர்ஸ்க்ரீன், கெட்ச் இரண்டையும் எடுத்தேன். மெயின் திருப்பித் தருவது இன்ட் இல்லையே என்றது. கெட்ஸ் என்ற பெயரே தெரியாது, ‘எஃப்கெட்ஸ்’ என்று சொல்ல வந்தீர்களா என்று கேட்டது. சிவப்பு மை சுழித்திருந்த அடைப்புக்குறியைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை.